கீரை கண்ணில் படும், கலோரி படாது

வழக்கமாக எனக்கு வரும் கேள்விகளில் பாதி எடையைக் குறைப்பது பற்றித்தான். இந்த மாதம் எல்லாரும் சேர்ந்து காட்டுக்குக் கிளம்பிவிட்டது போல் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, கடைப் பக்கமே போகாமல், மண்ணும் மரமும் தருவதை வைத்தே வாழ முடியுமா என்று விதவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் வேட்டைக்காரி இல்லை. உணவியல் படித்துவிட்டு, மருத்துவமனையில் நோயாளிகளின் தட்டுகளைக் கணக்கெடுத்தே காலம் தள்ளியவள். அதனால் என் பதில்களில் சாகசம் குறைவாகவும் கணக்கு அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. கணினி வேலை அலுத்துவிட்டது. நல்ல கத்தி ஒன்று, தூண்டில், உண்ணத்தக்க தாவரங்கள் பற்றிய கையேடு, இவற்றோடு ஒரு வருடம் காட்டில் இருக்கப் போகிறேன். தினமும் ஓடுகிறவன், உடம்பு கட்டாக இருக்கிறது. முடியுமா?

பதில்: உங்கள் பட்டியலில் கத்தி இருக்கிறது, தூண்டில் இருக்கிறது. சாப்பாடு இல்லை. முதலில் அதைப் பேசுவோம்.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி போதும். விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கும் ஆளுக்கு 3,000 தாராளமாக வேண்டும். குளிர் இருந்தால் இன்னும் மேலே. இப்போது காட்டில் கிடைப்பதைப் பாருங்கள். கீரை வகைகளில் 100 கிராமுக்கு 25, 30 கலோரி. அதை மட்டுமே நம்பினால் ஒரு நாளைக்கு 10 கிலோவுக்குமேல் தின்ன வேண்டும். பசு செய்யும் வேலை அது. காட்டுப் பழங்களில் 100 கிராமுக்கு சுமார் 50 கலோரி. ஆறு கிலோ பறிக்க வேண்டும், அதுவும் பழம் பழுக்கும் சில வாரங்களில் மட்டும். கொழுப்பில்லாத மீன் என்றால் முள் நீக்கிய சதையே மூன்றரை கிலோ. தினமும். உங்கள் கையேடு ஒரு செடியைத் தின்னலாமா கூடாதா என்று சொல்லும். தின்றால் என்ன மிஞ்சும் என்று சொல்லாது. பலருடைய திட்டம் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

தேடுவதற்குச் செலவாகும் சக்தியையும் கழித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைவிடப் பயணச் செலவு அதிகமான வேலைக்கு யாராவது போவார்களா? அரை நாள் அலைந்து ஒரு கூடை கீரையோடு திரும்புவது அந்த வேலைதான். தினமும் 1,000 கலோரி குறைந்தால், எட்டு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடை போகும். கொழுப்பு மட்டும் கரைந்தால்தான் இந்தக் கணக்கு. நடைமுறையில் தசையும் சேர்ந்தே கரையும், எடை இன்னும் வேகமாக இறங்கும். ஓடிப் பழகிய மெலிந்த உடம்பு இங்கே ஒரு பலவீனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? கரைக்க உங்களிடம் கையிருப்பு இல்லை.

கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்க இளைஞரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1992 ஏப்ரலில் நாலரை கிலோ அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, ஒரு தாவரக் கையேடு ஆகியவற்றோடு அலாஸ்கா காட்டுக்குள் போனார். வயது 24. அவர் சோம்பேறி இல்லை. அணில், முள்ளம்பன்றி, பறவைகள் என்று நிறைய சுட்டார், கையேட்டின் பின்பக்கத்தில் பட்டியலும் எழுதி வைத்தார். ஜூன் மாதம் ஒரு மூஸ் மானையே வீழ்த்தினார். பல மாதச் சாப்பாடு அது. ஆனால் அந்த இறைச்சியைப் பதப்படுத்த முடியவில்லை, புழு வைத்துவிட்டது. செப்டம்பரில் உடலைக் கண்டெடுத்தபோது எடை சுமார் 30 கிலோ. ஏதோ விதையின் நஞ்சுதான் காரணமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நஞ்சு இருந்ததோ இல்லையோ, அணில்களின் கணக்கு அதற்கு முன்பே பற்றாக்குறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் வேண்டாம். உணவு மூட்டையோடு ஒரு வாரம் போங்கள். மூட்டையைத் தொடாமல் எவ்வளவு கிடைக்கிறது என்று தராசில் நிறுத்து எழுதுங்கள். அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் காடு யாருடையது, அதில் பறிக்கவும் பிடிக்கவும் அனுமதி உண்டா என்பதையும் போகுமுன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செடிகொடிகளை விடுங்கள். காட்டில் முயல் ஏராளம். கண்ணி வைக்கத் தெரிந்தால் தினம் இறைச்சிதானே? அதில் சத்துக்கு என்ன குறைச்சல்?

பதில்: கொழுப்புதான் குறைச்சல். நகரத்தில் நாம் விரட்டி விரட்டி அடிக்கும் அதே கொழுப்பு.

காட்டு முயலின் இறைச்சியில் கொழுப்பு 100 கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம்தான். மீதி சத்தெல்லாம் புரதம். ஒரு முயலில் 700 கிராம் சதை தேறினால் 800 கலோரி வரும். அப்படியானால் நாளைக்கு நாலு முயல். கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாலிலும் சேர்த்து 600 கிராமுக்குமேல் புரதம் இருக்கும். அத்தனையையும் கல்லீரலால் கையாள முடியாது. நமக்கு வேண்டிய சக்தியில் 35, 40 சதவீதம் வரை புரதத்திலிருந்து வரலாம். அதைத் தாண்டினால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு. வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்காது. வட துருவப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதற்கு 'முயல் பட்டினி' என்றே பெயர் உண்டு.

வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி, வடபகுதி மக்களோடு இறைச்சியும் மீனும் மட்டுமே தின்று வருடக்கணக்கில் வாழ்ந்தவர். அவர் சொன்னதை மருத்துவர்கள் நம்பவில்லை. 1928ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அவரை வைத்தே சோதித்தார்கள். தொடக்கத்தில் கொழுப்பை முழுக்க நீக்கிய இறைச்சி மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளிலேயே படுத்துவிட்டார். கொழுப்புள்ள துண்டுகளைச் சேர்த்ததும் எழுந்துவிட்டார். அதன்பின் ஒரு வருடம் இறைச்சியிலேயே ஓட்டினார், ஆனால் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து.

எனவே வேட்டைப் பிராணியைப் பார்க்கும்போது எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள், கொழுப்பு எங்கே என்று கேளுங்கள். மூளை, எலும்பு மச்சை, குடலைச் சுற்றிய கொழுப்பு, மீனின் தலை. நாம் தூக்கி எறியும் பகுதிகளுக்குத்தான் வேட்டைச் சமூகங்களில் போட்டி.

கேள்வி: மனிதன் லட்சக்கணக்கான வருடம் வேட்டையாடியும் சேகரித்தும்தானே வாழ்ந்தான்? இன்றும் அப்படி வாழ்கிறவர்கள் வாரத்தில் சில மணி நேரமே உழைக்கிறார்கள் என்று படித்தேன். நமக்கு மட்டும் ஏன் முடியாது?

பதில்: நல்ல கேள்வி. இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் படித்தது ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் 1960களில் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் எடுத்த கணக்காக இருக்கும். அங்கே சான் மக்கள் வாரத்தில் இரண்டரை நாள் அளவுக்கே உணவு தேடினார்கள் என்று எழுதினார். பின்னர் கொட்டை உடைப்பது, சமைப்பது, கருவி செய்வது, விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் அவரே சேர்த்துப் பார்த்தபோது 40 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. சமையலறை வேலையைக் கணக்கில் சேர்க்க மறப்பது ஆராய்ச்சியாளர்களுக்கும் வரும் வியாதி போலிருக்கிறது.

அதைவிட முக்கியமானது, அந்த மக்களுக்கு மொங்கோங்கோ என்ற கொட்டை இருந்தது. பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. தரையில் விழுந்தால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். நல்ல நிலம் என்றால் அப்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அது எந்த மரம், எப்போது உதிரும், ஓட்டை எப்படி உடைப்பது என்பதெல்லாம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வர வேண்டும்.

தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்களைப் பாருங்கள். சிறுவயதிலிருந்து வில் பிடித்தவர்கள். 1980களில் அவர்களோடு இருந்து குறித்த ஆய்வாளர்களின் கணக்கில், ஒரு வேட்டைக்காரன் தினமும் போனாலும் பெரிய மிருகம் சிக்குவது சராசரியாக மாதத்துக்கு ஒன்று. மற்ற நாட்களில் அவன் சாப்பிடுவது பெண்கள் தோண்டி வரும் கிழங்கு, பறித்து வரும் பழம், தேன், அடுத்தவன் கொன்று வந்த இறைச்சியில் ஒரு பங்கு. இருபது பேர் உள்ள முகாமில் யாராவது ஒருவர் கையில் ஏதாவது இருக்கும். தனி ஆளுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. கால் சுளுக்கினால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சமூகங்களில் ஓர் ஆணின் வேட்டைத்திறன் உச்சிக்கு வருவதே முப்பதுகளில்தான் என்கிறார்கள். இருபதில் இருப்பவன் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன்.

கற்காமல் பார்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் உண்டு. 1860ல் மெல்பர்னிலிருந்து கிளம்பிய பர்க், வில்ஸ் என்பவர்களின் ஆய்வுப் பயணக் குழுவில் கடைசியில் மூன்று பேர் கூப்பர் ஓடைக்கரையில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த யந்த்ருவந்தா மக்கள் நார்டூ என்ற நீர்ப்பெரணியின், விதை போலிருக்கும் வித்துறைகளை அரைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து இவர்களும் தினமும் அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், உடம்பு மட்டும் தேய்கிறது என்ற பொருளில் வில்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். அந்தப் பெரணியில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. உள்ளூர் மக்கள் பதப்படுத்தும் முறையில் அதன் வீரியம் குறைந்துவிடும், இவர்கள் அந்த முறையைப் பின்பற்றவில்லை என்பது பிற்கால ஆய்வாளர்கள் தந்த விளக்கம். உதவ வந்த மக்களையும் பர்க் துப்பாக்கியால் மிரட்டி விரட்டியிருந்தார். 1861ன் நடுவில் அவரும் வில்ஸும் இறந்தார்கள். மூன்றாமவரான ஜான் கிங் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்தார். செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை அவர்களே அவருக்குச் சோறு போட்டார்கள். ஒரே ஓடைக்கரை, ஒரே பெரணி.

அப்புறம் நிலப்பரப்பு. வேட்டையாடி வாழும் சமூகங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளுக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் தேவைப்பட்டது, வறண்ட இடங்களில் பத்து மடங்கு. இன்று உலகில் 800 கோடிப் பேர். பனியும் பாலையும் சேர்த்து மொத்த நிலத்தைப் பங்கிட்டாலும் சதுர கிலோமீட்டருக்கு 50 பேருக்கு மேல் வருகிறோம். நீங்கள் ஒருவர் போகலாம். உங்கள் யோசனையைப் படித்துவிட்டு எல்லாரும் வந்தால் முயல்களின் பாடு திண்டாட்டம்.

கேள்வி: காளானில் விஷம் இருந்தால் நன்றாக வேகவைத்தால் போய்விடும்தானே? கொஞ்சமாகத் தின்று பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால் தொடரலாமா?

பதில்: போகாது. கூடாது. மரணத்தொப்பி எனப்படும் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதன்பின் ஒரு நாள் குணமானது போலவே இருக்கும். அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். "ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்கள் முடிவு கட்டும் நேரமும் அதுதான். 100 கிராம் காளானில் 25 கலோரிகூடத் தேறாது. இதற்காகவா?

கேள்வி: காடெல்லாம் வேண்டாம். எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள். வெளியிலிருந்து எதுவும் வாங்காமல் அதிலேயே விளைவித்துச் சாப்பிட ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இந்தக் கடிதம்தான் எனக்குப் பிடித்தது. கனவிலும் ஓர் அளவு இருக்கிறது.

நாலு பேருக்கு ஆளுக்கு 2,200 என்று வைத்தால் வருடத்துக்கு 32 லட்சம் கலோரி. தானியத்தில் கிலோவுக்கு 3,500 கலோரி. ஆக 900 கிலோ தானியம் வேண்டும், விதைக்கும் எலிக்கும் தனியாக. இனி விளைச்சல். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்துப் பார்த்து வருகிறார்கள். அதில் ஒரு துண்டுக்கு எந்த உரமும் போட்டதே இல்லை. அங்கே ஹெக்டேருக்கு சுமார் ஒரு டன் கிடைக்கிறது. ஏக்கருக்கு 400 கிலோ. உங்கள் தேவையில் பாதிகூட இல்லை. உரம் போட்டால் பல மடங்கு கூடும். ஆனால் வெளியிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்றீர்களே. மாட்டுச் சாணம் என்பீர்கள், சரி. மாடு எந்த நிலத்தில் மேயும்?

உருளைக்கிழங்கு போட்டால் கணக்கு நேராகும். ஹெக்டேருக்கு 15 டன் எடுத்தால் ஏக்கருக்கு ஆறு டன், உங்களுக்கு நாலே கால் டன் போதும். அயர்லாந்தின் ஏழைகள் அப்படித்தான் சின்னத் துண்டு நிலத்தில் குடும்பம் நடத்தினார்கள். கிழங்கு அடுத்த அறுவடை வரை தாங்காது என்பதால், புதுக்கிழங்கு வரும்வரை கோடை மாதங்களில் வருடா வருடம் பசி. 1845ல் கருகல் நோய் வந்தது. பெரும்பாலும் ஒரே ரகம், அதனால் எல்லா வயலும் ஒன்றாகப் போனது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். நோய்க்கு மேல் அரசியலும் உண்டு, வாடகை உண்டு, அதையெல்லாம் இந்தப் பக்கத்தில் அடக்க முடியாது.

நிலத்தை நம்புகிறவர்கள் சராசரி வருடத்தை வைத்தே திட்டம் போடுகிறார்கள். பசி வருவது மோசமான வருடத்தில், அதிலும் அறுவடைக்கு முந்தைய மாதத்தில். சைபீரியாவில் லிகோவ் குடும்பம் 1936ல் மத நம்பிக்கைக்காகக் காட்டுக்குள் போய், 1978ல் புவியியலாளர்கள் கண்ணில் படும்வரை வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்தது. உழைப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1961 ஜூனில் பனி பெய்து பயிர் முழுவதும் போயிற்று. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று தாய் அகுலினா பட்டினி கிடந்து இறந்தார். அடுத்து ஒரே ஒரு கம்புக்கோதுமைச் செடி முளைத்தது. எலியும் அணிலும் தொடாதபடி இரவு பகலாகக் காவல் இருந்து, அதில் வந்த 18 மணிகளை வைத்து மறுபடி சாகுபடியைத் தொடங்கினார்கள். விருந்தாளிகள் கொண்டுவந்த பொருட்களில் அவர்கள் முதலில் ஏற்றுக்கொண்டது உப்பு. நாற்பது வருடம் உப்பில்லாமல் இருந்திருக்கிறார்கள். உங்கள் ஏக்கரில் உப்பு விளையுமா?

எனவே, காய், கீரை, பழம், முட்டை என்று ஆரம்பியுங்கள். அவற்றில் உங்கள் குடும்பம் பெருமளவு தன்னிறைவு அடையலாம். தானியமும் எண்ணெயும் உப்பும் வாங்குங்கள். மூன்று வகையாவது கிழங்கு போடுங்கள். விதையில் ஒரு பங்கை வேறொரு வீட்டில் வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: உடல் தாங்காது என்கிறீர்கள். ஆனால் குறைவாகத் தின்று இயற்கையோடு இருந்தால் மனம் தெளியுமே?

பதில்: விரும்பி ஒருவேளை உணவை விடுவது வேறு. மாதக்கணக்கில் பற்றாமல் இருப்பது வேறு. 1945ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளைக்கு 1,600 கலோரிக்குப் பக்கத்தில். எடையில் கால் பங்கு போனது. அதோடு சிரிப்பும் நட்பும் போயின. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள். மருத்துவமனையில் நானும் பார்த்திருக்கிறேன்: எடை இறங்கும் நோயாளி முதலில் இழப்பது பொறுமையை. பொறி வைக்கவும், நஞ்சுள்ள செடியை நல்ல செடியிலிருந்து பிரித்தறியவும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

கேள்வி: எவ்வளவு சொன்னாலும் நான் போகத்தான் போகிறேன். ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள், எதை எடுத்துப் போவது?

பதில்: திரும்பி வர ஒரு தேதியை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், அது பொருள் இல்லை என்பதால் கணக்கில் சேராது. அலாஸ்காவில் முப்பது வருடத்துக்குப் பக்கமாகத் தனியே குடிசையில் வாழ்ந்த டிக் ப்ரோனெக்கிக்கும் நண்பர் ஒருவர் விமானத்தில் சாமான் கொண்டுவந்து கொடுத்தார்.

பொருள் என்றால் பாத்திரம். மூடியுள்ள உலோகப் பாத்திரம். எனக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் கத்தியைப் பற்றியே எழுதுகிறீர்கள். லிகோவ் வீட்டில் கொண்டுபோன பாத்திரங்கள் துருப்பிடித்து ஓட்டையானதும் பூர்ச்ச மரப்பட்டையில் பாத்திரம் செய்தார்கள். பட்டையை அடுப்பில் வைக்க முடியாது, சமையலே பெரும்பாடானது. நெருப்பில் சுட்டால் இறைச்சியின் கொழுப்பு சாம்பலில் சொட்டும், வேகவைத்தால் அது சாற்றிலேயே நிற்கும். எலும்பையும் தலையையும் போட்டுக் கொதிக்கவிடலாம். கிழங்கின் கசப்பை நீர் மாற்றி மாற்றி எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிநீர். எவ்வளவு தெளிவான ஓடையாக இருந்தாலும் அதில் ஜியார்டியா போன்ற கிருமி இருக்கலாம், பேதி பிடித்தால் உள்ளே போன கொஞ்ச நஞ்சமும் வெளியே. நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். மூடியைப் போட்டே கொதிக்க வையுங்கள், விறகு மிச்சமாகும்.